பெட்டி கட்டியவர் மேல் எனக்கு வந்த பொறாமை

என் கணவர் மேல் எனக்குப் பொறாமை வந்த வருடம் 1991. வேறு பெண் யாரும் இதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலும் முகத்தைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எனக்குப் பொறாமை வந்தது, வேலை போன பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து.

எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, பெங்களூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கறுப்பு வெள்ளை டிவி செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். நீளமான மேஜையின் இருபுறமும் பெண்கள் உட்கார்ந்திருப்போம். பச்சை நிற போர்டு ஒவ்வொருவர் முன்பாகவும் நகர்ந்து வரும். அவரவருக்கு உள்ள பாகங்களை அவரவர் சொருகி அனுப்ப வேண்டும். எல்லாம் சொருகியான பிறகு அந்த போர்டு உருகிய ஈயத்தின் மேல் தடவிக்கொண்டு போய், அடியில் முழுக்க ஈயப் பொட்டுகளோடு வெளியே வரும். அங்கேதான் என் மேஜை. அதற்கு டச்-அப் என்று பெயர்.

நன்றாகப் பிடித்த பொட்டு பளிச்சென்று இருக்கும். சரியாகப் பிடிக்காதது மங்கலாக, ஓரத்தில் ஒரு வளையம் விட்டிருக்கும். அப்படிப்பட்டதைக் கண்டுபிடித்து, சூடான கம்பியை வைத்து மறுபடி பற்றவைப்பது என் வேலை. ஒரு போர்டைக் கையில் எடுத்துத் திருப்பினாலே மங்கலான பொட்டு என் கண்ணில் வந்து குத்தும். புதிதாகச் சேர்கிற பெண்களை சூப்பர்வைசர் என் பின்னால் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்வார். அவர்கள் நிற்பது தெரியாதது மாதிரி நான் வேலை செய்வேன். அந்தச் சுகம் எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

என் கணவர் பேக்கிங்கில் இருந்தார். முடிந்த டிவியின் இரண்டு பக்கமும் தெர்மோகோலை வைத்து, அட்டைப்பெட்டியில் இறக்கி, டேப் ஒட்டி, லாரியில் ஏற்றுவார். அந்த வேலைக்குக் கை கால் இருந்தால் போதும் என்பது லைனில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருடைய எண்ணமும். நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது, கம்பெனிப் பெண்கள் என்னிடம் கேட்டது மதத்தைப் பற்றியோ சாதியைப் பற்றியோ இல்லை. பேக்கிங்கில் இருக்கிறவரைப் போய்க் கட்டிக்கொள்கிறாயா என்றுதான் கேட்டார்கள். மதத்தைப் பற்றி என் அப்பா கேட்டார். மறைமலை நகர்ப் பக்கம் எங்கள் வீடு. மாதா கோயிலுக்கு ஒரு ஞாயிறு தவறாமல் போகிற குடும்பம். தண்டலத்துக்குப் பக்கத்தில் விவசாயம் செய்கிற இந்துக் குடும்பத்துப் பையனோடு நான் போனதும் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. மாமியார் என்னைச் சேர்த்துக்கொண்டார். மனதாரச் சேர்த்துக்கொண்டாரா என்று நான் கேட்டதில்லை.

அந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய சமயம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பாகங்கள் வராமல் நின்றன. அரசாங்கத்திடம் டாலர் இல்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். எங்கள் லைனுக்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. முதலில் வாரத்தில் பாதி நாள் வேலை. பிறகு, சொல்லி அனுப்புகிறோம் என்று லீவு விட்டார்கள். லீவு முடிந்து போனபோது கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

என் கணவர் சைக்கிளைத் திருப்பி நிறுத்திக்கொண்டு, “வா, போலாம். பசிக்குது” என்றார்.

வழியில் லாரி ஷெட் ஒன்றில் நிறுத்தி யாரிடமோ பேசினார். மறுநாள் காலையில் செங்கல் ஏற்றப் போய்விட்டார்.

எனக்கு அதைப் பார்த்ததும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அவர் அலைகிறாரே என்று இரக்கம்கூட வந்தது. ஆனால் சாயங்காலம் உடம்பெல்லாம் செம்மண்ணோடு வந்தவர், சூளையில் கல்லை எப்படி அடுக்குகிறார்கள், காற்று போக எங்கே சந்து விடுகிறார்கள் என்று சோற்றைப் பிசைந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் அவருக்கு அதில் ருசி வந்துவிட்டது. நான் அன்று முழுக்க என் கம்பெனி நீலக் கோட்டைத் துவைத்துக் காயவைத்துவிட்டு, அது காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சூளை வேலை கொஞ்ச நாள்தான். பிறகு வந்தது மே மாதம். அந்த மாதம் ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் நடந்தது நாடறிந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வெளியூர்க்காரர்கள் வேன்களிலும் கார்களிலும் வந்து இறங்கி, அந்த இடத்தை வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் ஒரு பானை மோரும் ஒரு தகர டம்ளருமாகப் போய் நின்றார். இதற்குமா போவீர்கள் என்று நான் கேட்டேன். அவங்களுக்கு நா வறளுதே என்றார். அதற்குமேல் அதில் யோசிக்க அவருக்கு எதுவும் இல்லை. கூட்டம் குறைந்ததும் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டுகிறவரிடம் உதவிக்குப் போனார். ஒவ்வொரு வேலையிலிருந்தும் வீட்டுக்குள் ஒரு புது வார்த்தை வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புது சிநேகிதன் வந்தான்.

நானும் வேலை தேடாமல் இல்லை. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஐ.டி.ஐ. படித்த பையன்கள் மட்டும்தான் வேண்டும் என்றார்கள். செருப்புக்கு மேல்தோல் தைத்து அனுப்புகிற இன்னொரு கம்பெனியில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பசை தடவுகிற வேலை இருக்கிறது, நாளைக்கே வரலாம் என்றார்கள். மேஜையில் ஒரு சின்னப் பெண் பசை தடவிக் காட்டினாள். நான் செய்து பார்த்தேன். ஓரத்தில் வழிந்துவிட்டது. அந்தப் பெண் என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, இப்படி, அக்கா என்று மறுபடி காட்டினாள். நான் டச்-அப் பார்த்தவள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தாலும் அங்கே யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

வீட்டில் மாமியார் தெருவில் போகிறவர்களை நிறுத்தி மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். “எம் புள்ளைய எங்க கொண்டும்போய் வுட்டாலும் பொழைச்சிக்குவான்.” அடுத்து என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நானே வார்த்தை போட்டுக்கொள்வேன்.

என் வயிறு எரிந்தது. அவருக்கு என்ன தெரியும்? ஒரு ஈயப் பொட்டுக்கும் இன்னொரு பொட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா? கம்பெனியில் எனக்கு இருந்த மரியாதை என்ன, அவருக்கு இருந்த மரியாதை என்ன? இப்போது அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் நின்று, இன்னா வேலை கீது என்று கேட்கலாம். நான் அப்படி நிற்க முடியுமா? இந்த நியாயத்தை எனக்குள் நான் அடிக்கடி சொல்லிக்கொண்டேன். அது உண்மையான நியாயம்தான். ஆனால் செருப்புக் கம்பெனி பசையை நினைத்தால் அந்த நியாயம் சரியாக நிற்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருக்கோடி வீட்டில் டிவி கெட்டுப்போனது. தெருவில் பாதிப் பேர் சாயங்காலப் படத்துக்கு அங்கேதான் போவார்கள். அன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகு படம் சுருங்கி, திரையின் நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. என் கணவர் எழுந்து, “எங்க வூட்ல கீதே, அது பாக்கும். எத்தினி டிவி பண்ணியிருக்கும் தெரியுமா” என்று சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

நான் வீட்டில் வைத்திருந்த பற்றவைக்கிற கம்பியை எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது நடையில் ஒரு மிடுக்கு இருந்திருக்கும். பின்பக்கத்தைக் கழற்றியதும் அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் கம்பெனி போர்டு. என் கை பட்டதாகக்கூட இருக்கலாம். திருப்பிப் பார்த்தேன். சந்தேகமாக இருந்த பொட்டுகளை எல்லாம் மறுபடி பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டால் அதே கோடு. மறுபடி பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த போர்டில் எது எதற்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வருடக்கணக்கில் கையில் எடுத்த பொருள். எந்தப் பாகம் படத்தை விரிக்கிறது, எது சத்தத்தைக் கொண்டுவருகிறது, ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னால் யாரோ, கம்பெனியில மாட்றது வேற, ரிப்பேர் வேற என்று சொன்னார்கள். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

என் கணவர் சிரித்துக்கொண்டே, தெரியலனா வுடு, நாளைக்குப் பெரும்புதூருக்கு எடுத்துகினு போலாம் என்றார். அப்புறம் சத்தம் மட்டும் வருகிற படத்தில் யார் அழுகிறார்கள், யார் அடிக்கிறார்கள் என்று அவரே கதை சொல்ல ஆரம்பித்தார். தெருவே சிரித்தது. நான் பின்பக்கத்தை மூடித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “எல்லார் எதிர்லயும் என்னை ஏன் இழுத்து வுட்டீங்க?”

“உனுக்கு தெரியும்னு நெனச்சேன்.”

“தெரியலன்னு ஆயிடுச்சே.”

“ஆனா இன்னா? முந்தாநேத்து மைக்செட்ல நானு ஒயர மாத்திக் குடுத்துட்டேன். அந்தாளு கல்யாண வூட்லயே வெச்சி கத்துனான். நேத்து சரியா குடுத்தேன்.”

“வெக்கமா இல்லியா உங்களுக்கு?”

அவர் கிண்டலாகப் பதில் சொல்லவில்லை. உண்மையாகவே உள்ளே தேடிப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் யோசித்தார். “இல்லியே” என்றார்.

அன்றைக்கு என் பொறாமைக்குச் சரியான முகவரி கிடைத்தது. அவருக்கு வேலை கிடைக்கிறது என்பதில் எனக்குப் பொறாமை இல்லை. வெட்கம் என்கிற ஒன்று எனக்குள் இவ்வளவு பெரிதாக உட்கார்ந்திருக்கிறது, அந்த இடத்தில் அவருக்குக் காலியாக இருக்கிறதே, அதில்தான்.

குன்றத்தூருக்கு நான் போனது இந்தக் கோபத்தில்தான். ஸ்ரீபெரும்புதூரில் கடைகள் இருந்தன. ஆனால் அங்கே எல்லோருக்கும் எங்களைத் தெரியும். குன்றத்தூரில் மலைக்கோயிலுக்குப் போகிற தெருவில், பூக்கடைகளைத் தாண்டி, டிவி ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் என்னைவிட இளையவர். கல்யாணமாகி, கைக்குழந்தை இருந்தது. மேஜை முழுக்க வயிற்றைத் திறந்த டிவிகள். அவர் பற்றவைத்திருந்த ஈயத்தைப் பார்த்தேன். கொழுக்கட்டை பிடித்து வைத்த மாதிரி இருந்தது.

எனக்கு எதுவும் தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கத்தான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தும் வந்தேன். கடை வாசலில் நின்றதும் வாயிலிருந்து வந்தது வேறு. உங்கள் சால்டரிங் நன்றாக இல்லை, நான் செய்து தருகிறேன் என்றேன். அவர் ஒரு போர்டைத் தள்ளினார். செய்து காட்டினேன். போர்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிப்பேர் தெரியுமாக்கா என்று கேட்டார். சால்டரிங் தெரியும் என்றேன். வாரத்தில் சில நாள் வாருங்கள் என்றார்.

அப்படியாக, தெரியாது என்ற சொல்லைச் சொல்லாமலேயே தப்பித்துவிட்டேன். அதற்கு விலை இருந்தது. கரண்ட் வருகிறதா என்று அவர் மீட்டர் வைத்துத் தொட்டுப் பார்க்கும்போது ஓரக்கண்ணால் பார்ப்பேன். வாடிக்கையாளரிடம் என்ன கெட்டது என்று அவர் சொல்லும்போது காதைத் தீட்டிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அதையெல்லாம் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பேன். பாதி பொருந்தாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துபோகிற சந்தேகத்தை வாரக்கணக்கில் சுமந்தேன். கடைசியில் அவரே ஒரு நாள், “கேட்டா சொல்லமாட்டனாக்கா?” என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்குத் தெருக்கோடி வீட்டு வெள்ளைக் கோட்டைப் பற்றிக் கேட்டேன். படத்தை மேலும் கீழும் விரிக்கிற பகுதியைக் காட்டி, அங்கே இருக்கிற ஒரு சின்ன ஐ.சி. சில்லு போயிருக்கும் என்றார். அதில் ஈயம் எவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தாலும் பிரயோஜனமில்லை என்றார்.

ஐப்பசி மழையில் என் கணவர் விழுந்தார். அப்போது அவர் ஒரு மினி லாரியில் கிளீனர். ஒரகடம் கூட்டுரோட்டில், மூட்டைகளின் மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கிவிட்டது. வலது கை முறிந்தது. செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போடுகிறவரிடம் அந்த மாவை எப்படிக் குழைக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறார் என்றதும் மாதாவுக்கு நன்றி சொன்னேன். பஸ்ஸில் அவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துக்கொண்டு வரும்போது எனக்குள் இன்னொரு நினைப்பும் வந்தது. இனி இவரும் என்னைப் போல வீட்டில் உட்காரட்டும், அது எப்படி இருக்கும் என்று தெரியட்டும்.

அது நடக்கவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்த இரண்டாவது வாரத்தில் இடது கையால் கத்தரிக்காய் அரியக் கற்றுக்கொண்டார். கோணல்மாணலாக இருக்கும், அதை எல்லோருக்கும் காட்டுவார். தெருவில் போகிறவர்கள் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். நான் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் எங்கள் வாசலில் ஒருவரும் நின்றதில்லை. சும்மா இருப்பதில்கூட அவர் என்னை ஜெயித்துவிட்டார்.

என்னிடம் அப்போது ஒரு பழைய மீட்டர் இருந்தது. குன்றத்தூர்க்காரர் புதிது வாங்கியபோது எனக்குக் கொடுத்தது. அக்கம்பக்கத்தில் ஓரிரண்டு ரேடியோக்களைச் சரிசெய்திருந்தேன். டிவி எதையும் நான் தனியாகத் தொடவில்லை. என் கணவர் அதற்குள் வாசலில் உட்கார்ந்தபடியே போகிற வருகிறவர்களிடமெல்லாம் எங்க வூட்ல டிவி பாப்பாங்க என்று சொல்லி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

தண்டலம் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருந்தவர் ஒரு நாள் மத்தியானம் சைக்கிள் கேரியரில் டிவியைக் கட்டிக்கொண்டு வந்தார். லாரிக்காரர்கள் அந்தக் கடையில் நிற்பதே டிவிக்காகத்தான். அதை இறக்கி என் கணவர் முன்னால் வைத்தார். படமும் இல்லை, சத்தமும் இல்லை, என்னவென்று பார் என்றார்.

“நான் பாக்கறதில்லீங்க. அவங்கதான்” என்று என் கணவர் உள்ளே கைகாட்டினார்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். “கை ஒடஞ்சி கீதுன்னு அது பாக்குதா? நீ பக்கத்துல இருந்து சொல்லுவியா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் சொல்லிவிடுவார் என்றே நானும் நினைத்தேன். சொன்னால் சண்டை போடுவதற்கு உள்ளே தயாராகக்கூட நின்றேன்.

“கை நல்லா இருந்தப்பவும் எனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றார் என் கணவர். “நான் பொட்டி கட்றவன். இது டிவி பண்ணும், நான் பொட்டில போட்டு மூடுவேன். அவ்ளோதான்.”

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணி குடு என்று கேட்கிற மாதிரி, எந்த உறுத்தலும் இல்லாமல், ஒரு வெளி மனிதரிடம் எனக்கு ஒன்றும் தெரியாது என்று இவரால் சொல்ல முடிகிறதே என்றுதான் எரிந்தது. அந்த ஒரு வார்த்தையை விழுங்குவதற்காக நான் குன்றத்தூரில் எத்தனை நாள் வீணாக்கினேன்.

அந்த எரிச்சலோடுதான் டிவியைத் திறந்தேன். டீக்கடைக்காரர் போகவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து என் கையையே பார்த்தார். கரண்ட் எதுவரைக்கும் வருகிறது என்று மீட்டரால் தொட்டுக்கொண்டே போனேன். குன்றத்தூரில் பார்த்த வரிசை அது. ஓர் இடத்தில் கரண்ட் நின்றுபோனது. கனமான டிரான்ஸ்பார்மர் ஒன்று உட்கார்ந்திருந்த இடம். போர்டைத் திருப்பினேன். அதன் காலைச் சுற்றி முடி போல ஒரு விரிசல் வளையம். ராப்பகலாக லாரிகள் போகிற ரோட்டோரக் கடை. அதிர்ந்து அதிர்ந்து கனமான சாமான் கழன்றிருக்கிறது. இது எனக்குத் தெரிந்த உலகம். கம்பியைச் சூடாக்கிப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் முதலில் இரைச்சல் வந்தது. பிறகு திரை வெளுத்து, புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. ஆன்டெனா கம்பியைச் சொருகியதும் யாரோ ஒருவர் விவசாயிகளுக்கு உரம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீக்கடைக்காரர் என் கணவரிடம் இன்னா ஆச்சு அதுக்கு என்று கேட்டார். அவங்கள கேளுங்க என்றார் இவர். டீக்கடைக்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டு என் பக்கம் திரும்பி, “இன்னாம்மா ஆச்சு?” என்றார். நான் சொன்னேன். டிவிக்கு அடியில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போடுங்கள், அதிர்வு கொஞ்சம் குறையும் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் கடையில் டீ குடித்தவர்கள் வழியாக எனக்கு வேலை வர ஆரம்பித்தது. கார்த்திகை முடிவதற்குள் எங்கள் முன் அறையில் எப்போதும் இரண்டு மூன்று டிவிகள் நின்றன. மாமியார் அவற்றின் மேல் தூசி படாமல் புடவைத் துணி போட்டு மூடி வைத்தார். தெருவில் போகிறவர்களிடம் இப்போது அவர் என்ன சொல்கிறார் என்று ஒட்டுக்கேட்டேன். பெரும்பாலும் மகனைப் பற்றித்தான். கடைசியில் ஒரு வரி என்னைப் பற்றியும் இருந்தது.

பொங்கலுக்கு முன்பு பெரும்புதூரிலிருந்து ஒருவர் கலர் டிவி ஒன்றைக் கொண்டுவந்தார். முகமெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்றார். நான் கலர் டிவியைத் திறந்ததே இல்லை. குன்றத்தூர் கடைக்கு எப்போதாவது ஒன்று வரும். அதை அவர் என்னிடம் தரமாட்டார். என் கணவர் அப்போது வீட்டில் இல்லை. கட்டுப் பிரித்து, கை சரியாக நீளாமலேயே, பஸ் கம்பெனி ஒன்றில் வேலை இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

“இது எனக்குத் தெரியாதுங்க” என்றேன். “உள்ள ஒரு தடவகூட பார்த்ததில்ல. நாலு நாள் வுட்டுட்டுப் போனீங்கன்னா கத்துகினு பாக்கறேன்.”

சொல்லிவிட்டேன். கதையாக இருந்தால் அவர் என் நேர்மையை மெச்சி விட்டுப் போயிருப்பார். அவர் மெச்சவில்லை. தெரியாதவங்ககிட்ட எப்படிம்மா வுடறது என்று சொல்லி, கொண்டுவந்த ஆட்டோவிலேயே திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் வாசலில் நின்றேன். எதிர்வீட்டில் பார்த்திருப்பார்கள். உள்ளே வந்து, பாதியில் விட்ட கறுப்பு வெள்ளை ஒன்றை முடித்தேன். ஒரு பொட்டுகூடத் தவறவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் குன்றத்தூருக்குப் போய், கலர் டிவி எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடு என்று நேராகக் கேட்டேன். எனக்கே இன்னும் சரியாத் தெரியாதுக்கா, சேர்ந்து பாக்கலாம் என்றார் அவர். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் என்னை மாதிரி இத்தனை நாள் மறைத்திருக்கிறார். இருவரும் ஒரு பழைய கலர் டிவியைப் பிரித்துப்போட்டோம். முதலில் அதைக் கெடுத்தோம். பிறகு சரிசெய்தோம்.

என் கணவருக்கு அந்த பஸ் கம்பெனி வேலை கிடைத்தது. பிறகு அதுவும் போனது. அதன் பிறகு எங்கள் சாலை முழுக்கக் கம்பெனிகள் வந்தன. கேன்டீன், செக்யூரிட்டி, கார் டிரைவர் என்று அவர் மாறிக்கொண்டே போனார். நான் பஜாரில் ஒரு சின்னக் கடை பிடித்தேன். டிவிகள் தட்டையாகி, பழுதுபார்ப்பதைவிடப் புதிது வாங்குவது லாபம் என்று ஆனபோது, கடையை மிக்ஸி, கிரைண்டர் என்று மாற்றினேன். பிறகு வீடுகளில் இன்வெர்ட்டர் மாட்டவும் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் தெரியாது என்று சொல்லித்தான் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் வெட்கமாக இருந்தது. வருடம் ஆக ஆகப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டே செய்யலாம் என்பது மட்டும் பழகியது.

அவர் இன்றும் அப்படியேதான். போன மாதம்கூட, இந்த வயதில், ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போனார். முதல் நாள் காலையில் இட்லி போதாது என்று மறுபடி கேட்டு வாங்கி, சட்னியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை ஏறும் என்று எதுவுமே தெரியாமல் கிளம்பினார். எனக்கெல்லாம் முதல் நாள் என்றால் தண்ணீர்கூட உள்ளே இறங்காது. நான் தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன். வயிறு எரிந்தது.